நிபோங் திபாலும் கிரியான் ஆறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் நிபோங் திபால் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தார், அம்மா வெளிக்காட்டு வேலை பார்த்தார். கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள், அவர்களோடு வருகிற நண்பர்கள், எல்லாரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட மொத்தமாக எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நிபோங் திபால் எங்கே இருக்கிறது? அது பினாங்கா, பேராக்கா?

பினாங்கு. ஆனால் பினாங்கு என்றதும் உங்கள் நினைவுக்கு வருகிற தீவு இல்லை. நாங்கள் இருப்பது பெருநிலத்தில், செபராங் பிறையின் தெற்குக் கோடியில். 2019இல் செபராங் பிறை மாநகராக அறிவிக்கப்பட்டபோது நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். ஊர் என்று பார்த்தால் ஒரு நீளமான கடைத்தெரு, ஒரு பாசார் (சந்தை), ஒரு ரயில் நிலையம், ஊரை ஒட்டி ஓடும் கிரியான் ஆறு, சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கெடா, தெற்கே கொஞ்ச தூரம் போனால் பேராக். மூன்று மாநிலமும் முட்டிக்கொள்கிற மூலை இது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் கூட்டம் கூட்டமாக வளரும் ஒரு பனை. தண்டு முழுக்கக் கறுப்பு முள். திபால் என்றால் மலாயில் அடர்த்தி. நிபோங் பனை அடர்ந்த இடம் என்று பொருள். மீனவர்கள் வீட்டுக்குத் தூண் நடவும் கடலில் மீன்பிடிக் கூடு கட்டவும் அந்த மரத்தைத்தான் தேடுவார்கள், உப்புத் தண்ணீரில் லேசில் உளுத்துப்போகாது. இப்போது ஊருக்குள் அந்தப் பனையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆறுதானே எல்லை? பாலத்தைத் தாண்டினால் பேராக் வந்துவிடுமா?

இதைத்தான் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நிபோங் திபால் பாலத்தைத் தாண்டினாலும் நீங்கள் பினாங்கில்தான் இருப்பீர்கள். இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே போனால்தான் பேராக். ஏன் இப்படி என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1786இல் ஆங்கிலேயர்கள் பினாங்குத் தீவுக்கு வந்தார்கள். அப்புறம் 1800இல் கெடா சுல்தானோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டு, எதிரே இருந்த பெருநிலத் துண்டையும் வாங்கினார்கள். வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு, இடையில் இருந்த கடற்கரை நிலம். தீவுக்கும் இந்த நிலத்துக்கும் சேர்த்து கெடாவுக்கு ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி. அந்தக் காலத்தில் கிரியான் ஆறு உண்மையாகவே எல்லைதான்: வடகரையில் ஆங்கிலேயர் சட்டம், தென்கரையில் வேறு ராஜ்ஜியம்.

1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி) உட்கார வழிசெய்த ஒப்பந்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதே ஒப்பந்தத்தில் கிரியானுக்குத் தெற்கே ஒரு துண்டு நிலத்தையும் சேர்த்து எல்லையைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். அந்தத் துண்டுக்குத்தான் டிரான்ஸ்கிரியான் என்று பெயர் வந்தது, கிரியானுக்கு அப்பால் என்று அர்த்தம். டிரான்ஸ்கிரியான் தோட்டமும் அங்கிருக்கும் தமிழ்ப்பள்ளியும் அந்தப் பெயரை இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அதே ஒப்பந்தத்தில் கைமாறிய டிண்டிங்ஸ் வட்டாரம் 1935இல் பேராக்குக்குத் திரும்பிப் போனது. ஆற்றின் தென்கரைத் துண்டு திரும்பவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெடா 1909 வரை சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) மேலாட்சியில் இருந்தது. ஆக 1874க்கும் 1909க்கும் இடையில் இந்த ஒரு மூலையில் மூன்று அதிகாரங்கள்: ஆங்கிலேயரின் நேரடிக் குடியேற்றம் ஒரு பக்கம், ரெசிடெண்ட் ஆலோசனையில் நடந்த பேராக் ஒரு பக்கம், சயாமுக்குக் கட்டுப்பட்ட கெடா ஒரு பக்கம். மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆறே எல்லையாக நிற்பதை இன்று பார்க்க வேண்டுமானால் பாரிட் புந்தாருக்குப் போங்கள். தென்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார், வடகரையில் கெடாவின் பண்டார் பாரு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம்.

எல்லை தாண்ட ஏதாவது பத்திரம் வேண்டுமா?

வேண்டாம், மாநில எல்லைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பேராக்கிலும் பினாங்கிலும் சனியும் ஞாயிறும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் லீவு என்று ஒரே குடும்பத்துப் பிள்ளைகளே இருப்பார்கள். அரசாங்க அலுவலக வேலை இருந்தால் நாளைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

தமிழர்கள் இங்கே எப்போது, எதற்கு வந்தார்கள்?

கித்தா (ரப்பர்) மரத்துக்காக என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் அது சரியில்லை. கித்தாவுக்கு முன்னால் இங்கே கரும்பு இருந்தது. மலாயாவில் மற்ற இடங்களில் காடு நின்ற காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. முதலில் சீனர்கள், அவர்களில் தியோச்சூ மொழி பேசுகிறவர்கள், பயிரிட்டார்கள். பின்னால் வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள்.

கரும்புக் காட்டு வேலை என்றால் லேசான வேலை இல்லை. இங்கே நிலம் தாழ்வானது, கடல் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அதனால் வாய்க்கால் மேல் வாய்க்காலாக வெட்ட வேண்டியிருந்தது. நீங்கள் இப்போது செம்பனைக்குள் போகும்போது குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். இந்தச் சேற்று நிலத்தில் பயிர் எதுவானாலும் வாய்க்கால் இல்லாமல் நடக்காது. மண்வெட்டியோடு முதலில் இறங்கியவர்கள் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப்பாருங்கள். முழங்கால் சேறு, அட்டை, காய்ச்சல். ஊருக்குத் திரும்பாமலே மண்ணுக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கல்லறையில் பெயர் பொறிக்கக்கூட ஆள் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்க் கித்தா வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அப்புறம் கங்காணிகள் (கூலிகளின் மேஸ்திரிகள்) தங்கள் ஊரிலிருந்தே ஆள் பிடித்து வந்தார்கள், அதனால்தான் சில தோட்டங்களில் ஒரே ஊர்க்காரர்களாக, ஒரே சொந்தமாக இருந்தார்கள். அந்த வழியும் 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையோடு நின்றது. பின்னால் சொந்தமாக டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு ரஜுலா கப்பல் ஞாபகம் இருக்கும், என் பாட்டி சாகிற வரைக்கும் 'ரஜுலாவில் ஏறினேன்' என்றுதான் தன் கதையை ஆரம்பிப்பார்.

கித்தாவும் போய் இப்போது செம்பனை. லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரும்பாலும் இடிந்துவிட்டன. ஆட்கள் தாமான்களுக்கும் (புதுக் குடியிருப்புகளுக்கும்) தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள்.

கலிடோனியாவில் 99 கதவு மாளிகை என்று சொல்கிறார்களே, பார்க்க முடியுமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கலிடோனியா தோட்டத்தில் செம்பனைக்கு நடுவில் பாழடைந்து நிற்கிற துரை வீடு அது. நாங்கள் அதைப் 'பெரிய வீடு' என்போம். எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற ஆங்கிலேய அரசியல்வாதியிடமிருந்து அவருடைய மனைவி வழிச் சொந்தமான ரம்ஸ்டன் குடும்பத்துக்கு வந்த தோட்டங்களில் கலிடோனியாவும் ஒன்று. பினாங்கு சர்க்கரைத் தோட்டங்கள் என்ற பெயரில் நடந்தது, கித்தா காலத்திலும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. 1948 ஜூன் மாதம் ஜான் செயின்ட் மோர் ரம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முந்தி நடந்தது அது.

போகலாமா என்றால், உள்ளே போக வேண்டாம் என்பதுதான் என் பதில். தனியார் நிலம். மாடிப் பலகையும் படிக்கட்டும் உளுத்துப்போய்விட்டன, காலை வைத்தால் இறங்கிவிடும். பேய் வீடு என்று இரவில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வீட்டுக்குச் சர்க்கரைப் பணம் வந்தது எங்கிருந்து, அந்த வாசலில் யார் கைகட்டி நின்றார்கள் என்று கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாமல் கலிடோனியா கோயில் பக்கமும் தமிழ்ப்பள்ளிப் பக்கமும் ஒரு சுற்று போய் வாருங்கள்.

மின்மினி பார்க்க எப்போது வர வேண்டும்? எப்படி இருக்கும்?

நிலா இல்லாத இரவு, மழை இல்லாத இரவு. அமாவாசையை ஒட்டி வந்தால் ரொம்ப நல்லது. எட்டு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும், அதற்குப் பிறகு ஆற்றங்கரைப் படகுத்துறையிலிருந்து படகு எடுப்பார்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாடகையைப் படகில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்தி சாய்கிற நேரத்துக்கே வந்துவிட்டால் கரையோர மரங்களில் கொக்கும் நாரையும் வந்து அடைவதையும் பார்க்கலாம்.

மின்மினிகள் எல்லா மரத்திலும் உட்காராது. ஆற்றோரத்தில் உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் வளரும் பெரெம்பாங் மரம்தான் அதற்குப் பிடித்தது. படகோட்டி அந்த மரத்துக்குக் கிட்டப் போனதும் மோட்டாரை அணைப்பார். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் மரம் முழுக்க ஒளி. ஒரு கிளை மினுங்கும், பக்கத்துக் கிளை சேர்ந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து எரியும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளைக் கூப்பிடுகிற விதம் அது.

ஒரு தடவை என் மகளின் சட்டைக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். முதுகு பழுப்பு, வயிற்று நுனியில் மட்டும் பச்சை கலந்த மஞ்சள் வெளிச்சம். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சூடாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். அந்த வெளிச்சத்தில் சூடு கிடையாது.

பூச்சியாகப் பறப்பது கொஞ்ச காலம்தான். அதற்கு முன் புழுவாக, ஆற்றங்கரை ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. அதனால் மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரைப் புல்லையும் புதரையும் வெட்டித் தள்ளினாலும் மின்மினி போய்விடும். கரையை ஒட்டிச் செம்பனை நட்டு மருந்தடித்தாலும் அப்படித்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது பாலத்தடியிலேயே பார்த்திருக்கிறேன், இப்போது படகில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து பிளாஷ் அடிக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். ஒரு முறை நாங்கள் போன படகில் ஒருவர் பெரிய விளக்கை மரத்தின் மேலே பாய்ச்சினார். அவ்வளவுதான், மரம் அணைந்துபோய்விட்டது, நாங்கள் இருந்த நேரம் முழுக்கத் திரும்பவே இல்லை. கொசு மருந்து பூசுவதென்றால் கரையிலேயே பூசிக்கொண்டு ஏறுங்கள். கிளையை ஆட்டாதீர்கள், பூச்சியைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆற்றில் குளிக்கலாமா?

கூடாது. முதலை உண்டு. தூண்டில் போடுகிறவர்கள்கூடத் தண்ணீரில் கால் வைக்க யோசிப்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன விசேஷம்?

கடலும் ஆறும் பக்கத்தில் இருப்பதால் மீன், இறால், நண்டுக்குக் குறைவே இல்லை. கிரியானின் ஆற்று இறாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊடாங் காலா என்பார்கள், நீல நிறத்தில் நீளமான கை. தூண்டில்காரர்கள் எங்கெங்கோ இருந்து அதற்காகவே வருவார்கள். அதன் தலையில் இருக்கும் கொழுப்பை வீணாக்காமல் அம்மா குழம்பில் பிழிந்துவிடுவார், குழம்பு செந்நிறமாகத் திரண்டு வரும். கடைகளில் இந்த இறால் விலை கூடுதல், எடை போட்டுத்தான் விற்பார்கள், முதலில் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் போனால் மலாய்க்காரர் கடைகளில் மீ ஊடாங் (இறால் நூடுல்ஸ்) கிடைக்கும். காலையில் கடைத்தெருவில் ரொட்டி சானாயோ (பரோட்டா) தோசையோ, கூட ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), அது போதும்.

பாரிட் புந்தார் பக்கம் போனால் என்ன பார்க்கலாம்?

வயல். செம்பனையையே பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அந்தப் பச்சை ஒரு மருந்து. பேராக்கின் கிரியான் மாவட்டம் நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. 1906இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டம் நாட்டின் மிகப் பழைய பெரிய நீர்ப்பாசனத் திட்டம். புக்கிட் மேரா ஏரியில் தண்ணீரைத் தேக்கி வாய்க்கால் வழியாக வயலுக்கு விடுகிறார்கள். பெயர் கிரியான் திட்டம் என்றாலும் அந்த ஏரி குராவ் ஆற்றில் கட்டியது. போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்கள் இந்த வயல்களில் நிறைய இருக்கிறார்கள்.

பாகான் செராய் போகிறவர்கள் சூசைப்பாளையத்தைப் பார்க்காமல் வரவேண்டாம். 1880களில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தமிழர்களைக் கொண்டுவந்து நெல் பயிரிட வைத்து உண்டாக்கிய ஊர். தோட்டக் கூலியாக வராமல் வயல்காரர்களாக மலாயாவில் வேர் பிடித்த தமிழர்கள் அவர்கள். அங்கே உள்ள தேவாலயம் புனித சூசையப்பர் பெயரில்தான் இருக்கிறது.

மேற்கே தஞ்சோங் பியாண்டாங் மீனவர் ஊர். அங்கே பான் பெச்சா என்று ஒரு கடற்கரை, மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஊர்ச் சனம் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்காரும்.

குழந்தைகளோடு வருகிறோம். எங்கே போகலாம்?

நிபோங் திபாலிலேயே புக்கிட் பாஞ்சோர் மாநிலப் பூங்கா இருக்கிறது. காட்டுப் பாதை, ஓடை, குளிக்கத் தோதான குட்டைகள். வார நாளில் போனால் அமைதியாக இருக்கும். புக்கிட் மேராவில் ஏரி, ஏரிக்குள் ஒராங் ஊத்தான் தீவு. அந்த ஏரியின் மேலே ரயில் போகிறது, அந்தப் பாலம் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம், பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பறவைப் பிரியர்கள் கோலா குலாவுக்குப் போக வேண்டும். ஆகஸ்டு முதல் ஏப்ரல் வரை வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் அங்கே சேற்றுத் திட்டுகளில் இறங்கும்.

கோயில், திருவிழா?

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் பினாங்குத் தீவில் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். இங்கேயே பார்க்க வேண்டுமென்றால் தோட்டத் திருவிழாவுக்கு வாருங்கள். மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் என்று தோட்டத்துக்குத் தோட்டம் சாமி இருக்கிறது. காப்புக் கட்டி, கரகம் எடுத்து, கூழ் ஊற்றி, சில இடங்களில் தீ மிதித்து. தோட்டத்தில் ஆட்கள் இல்லாமல் போனாலும் அந்த ஒரு நாளைக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார்கள் வந்து செம்பனை ஓரத்தில் வரிசையாக நிற்கும். தேதி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படி வருவது?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்தால் நிபோங் திபாலுக்கு ஜாவியில் இறங்குங்கள், பாரிட் புந்தாருக்குப் பண்டார் பாருவில். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் இரண்டு ஊரிலும் நிற்கிறது. தீவிலிருந்து வருகிறவர்கள் பெர்ரியில் பட்டர்வொர்த் வந்து ரயில் ஏறிவிடலாம். மின்மினிக்குப் போகிற நாளில் மட்டும் கார் இருந்தால் நல்லது, திரும்பும்போது நேரமாகிவிடும்.

எங்கள் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தாராம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வருடத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள், முடிந்தவரை நானும் கூடப் போகிறேன்.

முதலில் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடுங்கள். பிறந்த இடம் என்ற வரியில் பல சமயம் தோட்டத்தின் பெயர் இருக்கும். அது இல்லையென்றால் பழைய அடையாள அட்டையின் நகல், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகை நல்ல சாட்சி. அதில் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரும் போட்டிருப்பார்கள். அந்த டிவிஷன் பெயர்தான் முக்கியம், ஒரு தோட்டத்துக்குள் மூன்று நான்கு டிவிஷன்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தனி லயம், தனிக் கோயில். தமிழர்கள் வைத்த பெயர் வேறு, கம்பெனி வைத்த பெயர் வேறாகவும் இருக்கும், இரண்டையும் குறித்து வையுங்கள்.

பெயர் கிடைத்ததும் தமிழ்ப்பள்ளிக்குப் போங்கள். பைராம், கலிடோனியா, டிரான்ஸ்கிரியான், ஜாவி, வால்டோர் என்று தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. பள்ளிக்குப் பக்கத்தில் பழைய ஆட்கள் யாராவது இருப்பார்கள். கோயில் தலைவரைக் கேளுங்கள், மரம் வெட்டிய பாட்டிகளைக் கேளுங்கள். தாத்தாவின் பெயரை மட்டும் சொன்னால் தெரியாது. 'மண்டோர் (மேஸ்திரி) வீட்டுக்குப் பக்கத்து லயம்', 'ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) பாட்டி மகன்' என்று சொன்னால் உடனே தெரிந்துவிடும். அதனால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பட்டப்பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

போன வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாவை அப்படி அழைத்துப் போனேன். லயம் இருந்த இடத்தில் செம்பனைதான் நின்றது. ஆனால் கிணறு இருந்தது, சிமெண்டுக் கட்டு உடையாமல். பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்து பழைய மங்கு ஒன்று, பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். அதை எடுத்துத் துடைத்து, 'அப்பா இதைத்தான் கழுவியிருப்பாரா அண்ணே?' என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

வருவதென்றால் காலையிலேயே வாருங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், பெரியவர்களும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வாய்க்கால் ஓரத்தில் பாம்பு இருக்கும். தோட்ட வாசலில் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.